வயிற்றைப் பற்றி வீட்டில் பேசியதில்லை

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி. ஏழரை வரை எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. அரை நாள் விடுப்பு. வேலூர், டாக்டர்.

"உங்க அப்பா எதுல தவறினாரு?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது, வேதியியலில் எம்.எஸ்ஸி. அப்பா இறந்தபோது கல்லூரி இரண்டாம் ஆண்டு. 'வயித்து நோவு' என்றார்கள். அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

டாக்டர் பெண். என்னைவிடச் சின்னவர். அது கொஞ்சம் வசதி. மலத்தில் ரத்தம் எத்தனை நாளாக, என்ன நிறம், வலி உண்டா, எடை குறைந்ததா. எல்லாவற்றுக்கும் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னேன். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்றார். சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே கேவலமாக இருந்தது:

கா: டீ. ஆபீஸ் போனதும் டீ, பொறை ரொட்டி இரண்டு. பதினொன்றுக்கு டீ.
மதி: மூன்று மணிக்கு மேல் சோறு, சாம்பார், அப்பளம். காய் இல்லை.
மா: டீ.
இரவு: கடைத் தோசை. படுத்தபடி போன்.

தண்ணீர்? காலையில் நிரப்பும் பாட்டில் மாலையில் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது. ஏன் என்று கேட்டார். நான் வேலை செய்யும் கழிவுநீர் பிளான்ட்டில் பெண்கள் கழிப்பறை கடைசியில், சேறு காயவைக்கும் களத்துக்கு அந்தப் பக்கம். அவ்வளவு ஆண்களைத் தாண்டி நடக்க வேண்டும். அதனால் குடிப்பதில்லை. அடக்கிக்கொள்வது பழகிவிட்டது. இதை முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன்.

கேஸ் மாத்திரை பல வருடமாகத் தினமும், கடையில் நானாக வாங்குவது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. திடீரென்று நிறுத்த வேண்டாம், நான் சொல்கிறபடி குறையுங்கள் என்றார்.

முடிவு: குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். "மூலமா இருக்கலாம். இருக்கலாம்ங்கறத வெச்சு விட முடியாது. அப்பா விஷயமும் கேட்டுட்டு வாங்க."

தேதி வாங்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நின்றுகொண்டே வந்தேன்.


பிப்ரவரி 4, புதன்

பிளான்ட். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் எல்லாம் வந்து சேரும் இடம். அதைச் சுத்தம் செய்வது பெரிய தொட்டியில் காற்றூதி வளர்க்கும் பாக்டீரியா. என் வேலை அவற்றை உயிரோடு வைத்திருப்பது.

தொட்டிநீரை அளவுச் சிலிண்டரில் பிடித்துவைத்ததில் சேறு நன்றாகப் படிந்தது. மேல்தண்ணீர் தெளிவு. தொட்டியில் நுரை கொஞ்சம், கவலைப்படும் அளவு இல்லை.

ஷபானா (லேபில் என் உதவியாளர், இருபத்தாறு வயது, வாய் ஓயாது) வாட்சப்பில் வந்ததைக் காட்டினாள். குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கிறதாம், குடல்தான் இரண்டாவது மூளையாம். கீழே பொடி டப்பா விளம்பரம்.

"விக்கறவன் சொல்றத நம்பாத," என்றேன்.

"பொடி பொய்யா இருக்கட்டும் மேடம். பாக்டீரியா பொய்யா? ஞாயித்துக்கெழம கம்பெனிங்க லீவு, தண்ணி வராது, டேங்க்ல பூச்சிங்க பட்டினி கெடக்கும்னு வெல்லம் கரைச்சு ஊத்தச் சொல்றீங்க. டைமுக்கு ஊத்தலன்னா குமாரண்ணனைத் திட்டறீங்க. உங்க உள்ள இருக்கறதுக்கு இன்னா ஊத்தறீங்க? டீ. அதுவும் சக்கரை கம்மியா."

 ரீடிங் எழுதச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டாவது மூளை என்பதெல்லாம் அலங்காரம். ஆனால் நேரத்துக்குச் சாப்பிடுவது, நார், தண்ணீர், நடை: டாக்டரும் இதைத்தான் சொன்னார். இதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. செய்யாமல் இருந்ததற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

செய்ய வேண்டியது: மின்சாரக் கட்டணம். வாசல் குழாய் வாஷர்.


பிப்ரவரி 5, வியாழன்

இன்றும் ரத்தம். மூன்று நாள் கழித்து.

மாலை கணியம்பாடி அத்தைக்குப் போன். அப்பாவின் தங்கை. அம்மா போன பிறகு கேட்க வேறு ஆள் இல்லை. ஆடு, மழை, கால்வலி எல்லாம் பேசி முடித்தபின் கேட்டேன்.

"இப்ப எதுக்குடி அதெல்லாம்?"

"டாக்டர் கேக்கறாங்க அத்தே."

"செத்தவனைப் பத்தி டாக்டருக்கு இன்னா?"

எனக்கு ரத்தம் போகிறது என்று சொல்லாமல் பதில் வராது என்று புரிந்தது. சொன்னேன். அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"உங்க அப்பனுக்கும் போச்சு," என்றாள். "மூலம்னு நாட்டு மருந்து குட்த்தாங்க. ஆறு மாசமோ, ஒரு வருசமோ. உங்கம்மா விடியறதுக்கு முன்னாடியே வேட்டியத் தொவச்சுப் போட்ருவா, யாரும் பாக்கக் கூடாதுன்னு. நானே ஒருவாட்டி பாத்துட்டேன். வாயத் தொறக்காதன்னு கையப் புடிச்சுக்கினா."

"பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களே, அங்க இன்னா சொன்னாங்க?"

"கடைசில போனோம். இன்னா எழுதனாங்கன்னு யாருக்குத் தெரியும்? சோறு எறங்கல, வயிறு ஊதிக்கிச்சு. அவ்ளோதான். ஆம்பள அதையெல்லாம் வெளில சொல்லிக்கினு திரிவானா?"

மூலமா, கட்டியா. இனி தெரிய வழியில்லை. தெரிந்தது இவ்வளவு: ரத்தம் போனது, சொல்லவில்லை, இறந்தார். வயது ஐம்பத்தொன்று.

டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். பதினேழாம் தேதி செவ்வாய் கிடைத்தது. துணைக்கு ஒரு ஆள் கட்டாயம். மயக்க ஊசி போடுவார்களாம், தனியாக அனுப்ப மாட்டார்களாம்.


பிப்ரவரி 8, ஞாயிறு

வெயில் வந்துவிட்டது. சந்தைக்குப் போனேன். பல மாதம் கழித்து.

வாங்கியது: முருங்கைக் கீரை, சிறுகீரை, கேழ்வரகு மாவு, கறுப்புக் கொண்டைக்கடலை, கொய்யா ஒரு கிலோ, பீன்ஸ், வெண்டை. பை கனத்தது. ஏதோ சாதித்த மாதிரி நடந்து வந்தேன்.

கா: கேழ்வரகுக் கூழ் இரண்டு சொம்பு, சின்ன வெங்காயம்.
பத்து மணி: கொய்யா 2.
மதி: சோறு கொஞ்சம், கீரைக் கூட்டு நிறைய, வெண்டைப் பொரியல்.
மா: சுண்டல் ஒரு கிண்ணம். பிறகு இன்னொன்று.
இரவு: கேழ்வரகு அடை, முருங்கைக் கீரை போட்டு.

டீ ஒன்றே ஒன்று. தலைவலி. மாலை ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். தெரிந்தவர் யாரும் எதிரில் வரவில்லை.


பிப்ரவரி 9, திங்கள்

நாற்காலியில் உட்கார முடியவில்லை. வயிறு மேளம் போல. விலாவில் பிடிப்பு. லேபில் மற்றவர்கள் இருக்கும்போது வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன், காரணம் எழுத வேண்டியதில்லை.

இதில் அசிங்கம் என்னவென்றால், காலையில்தான் தொட்டியைக் கவனிக்கும் குமாரிடம் சத்தம் போட்டேன். ஞாயிறு முழுக்க வெல்லத் தண்ணீரோடு கிடந்த தொட்டிக்கு, திங்கட்கிழமை கம்பெனித் தண்ணீர் வந்ததும் வால்வை முழுசாகத் திறந்துவிட்டான். அரைப்பட்டினி கிடந்ததற்கு ஒரேயடியாகக் கொட்டக் கூடாது (ஷாக் லோடு என்போம்), கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்க வேண்டும். இதை அவனுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சொல்லும்போதே என் வயிறு கடமுடா என்றது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

ஷபானாவிடம் நேற்றுச் சாப்பிட்டதைச் சொன்னேன். மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள்.

"யா அல்லா! மேடம், இது ஷாக் லோடு!"

"தெரியுது."

"பத்து வருஷமா பொறையும் டீயும் போட்டுட்டு, ஒரே நாள்ல மொத்தக் கீரைக் கடையும் உள்ள எறக்கிட்டீங்களே. பூச்சிங்க எல்லாம் பேஜாராயிருக்கும்."

சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.

டாக்டருக்குப் போன். அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. கீரை ஒரு கரண்டியில் ஆரம்பித்து வாரக்கணக்கில் கூட்டுங்கள், தண்ணீர் கூடவே கூட வேண்டும், தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் கூட்டினால் இன்னும் இறுகும் என்றார். சுண்டலை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைக்கச் சொன்னார்.

இரவு: இட்லி. கொய்யா ஆறு மீதி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.


பிப்ரவரி 11, புதன்

வயிறு பரவாயில்லை. இரண்டு நாளாகக் காலை எட்டுக்கு இட்லி அல்லது உப்புமா. மதியம் ஒன்றுக்குள் சோறு. ஒரு கரண்டி காய், மோர். டீ இரண்டு. இன்று சிரமப்படாமல் போனது. இரண்டு நாள் அளவை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவள் நான். எழுதி மட்டும் வைக்கிறேன்.

முரளி போன் செய்தான். தம்பி, நாற்பத்தைந்து. கணியம்பாடியில் இருக்கிறான். ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிவரும் பஸ் ஓட்டுகிறான். விடிகாலை நாலுக்கு எழுந்தால் மதியம்வரை டீயும் பன்னும், பிறகு புரோட்டா. அத்தை எல்லாம் சொல்லிவிட்டாள் போல.

"மூலமாத்தான் இருக்கும்க்கா. இதுக்குப் போயி டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு. காரம் கம்மி பண்ணு. கருணைக்கெழங்கு மசிச்சுச் சாப்பிடு. சுடுதண்ணில உக்காரு, எரிச்சல் அடங்கும்."

"உனக்கு எப்படித் தெரியும் இவ்வளவு?"

"பஸ் ஓட்றவனுக்குத் தெரியாதா. எல்லா டிரைவருக்கும் இதான் கதை. சீட்டு சூடு."

துணைக்கு ஆள் வேண்டும் என்றேன். ஷபானாவைக் கேட்கலாம் என்று இருப்பதாகவும் சொன்னேன். அவன் குரலைத் தாழ்த்தினான். "ஊருக்குத் தெரியற மாதிரி எதுக்கு? நான் வர்றேன். வண்டிய வேற ஆள்கிட்ட மாத்திவுட்டுக்கறேன்."


பிப்ரவரி 12, வியாழன்

மாதக் கூட்டம். நான், ஷபானா, பதினோரு ஆண்கள். எப்போதும் என் ரீடிங்கைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இன்று, லேப் பக்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை, அதனால் உடம்பு கெடுகிறது என்றேன். மூன்று வாக்கியம். கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

மேனேஜர் பேனாவைப் பார்த்தார். "இத்தன வருஷமா சொல்லவே இல்லியே மேடம்?"

உண்மை. சொல்லவில்லை.

புதிதாகக் கட்ட அடுத்த வருடம் பார்க்கலாமாம். இப்போதைக்கு விருந்தினர் அறைக் கழிப்பறையின் சாவி. ஷபானா சாவியில் மஞ்சள் ரிப்பன் கட்டி லேப் ஆணியில் மாட்டிவிட்டாள். மாலைக்குள் என் பாட்டில் காலி.


பிப்ரவரி 15, ஞாயிறு

ரம்ஜான் நோன்பு தொடங்கும் முன் கடைசி ஞாயிறு. ஊர் முழுக்கக் கல்யாணம். ஷபானாவின் பெரியப்பா மகளுக்கு நிக்காஹ். போகாமல் இருக்க முடியாது.

சிக்கல்: டெஸ்ட்டுக்கு முன் நார் கூடாது. கீரை, காய், விதை, கொட்டை, பழத்தோல் எதுவும் இல்லை. வெள்ளைச் சோறு, வடிகட்டிய ரசம், தயிர். ஒரு வாரமாகப் பழகியதற்கெல்லாம் தலைகீழ். ஆம்பூரில் கல்யாணத்துக்குப் போய் பிரியாணி வேண்டாம் என்று சொல்வது என் குணத்துக்குக்கூட அதிகம்.

பந்தியில் தட்டை மூடினேன். பரிமாறின பெண் நகரவில்லை. "ஏன் மேடம், எங்க வூட்டுக் கறி புடிக்கலியா?" ஷபானாவின் அம்மா ஓடி வந்தார். உள்ளே போய் வெள்ளைச் சோறும் தயிரும் கொண்டுவந்து வைத்தார்கள். வரிசையே திரும்பிப் பார்த்தது.

எதிரில் ஒரு அம்மாள், அறுபது இருக்கும், பச்சைச் சேலை, சத்தமாக: "இன்னாம்மா ஒடம்பு?"

வழக்கமாக 'லேசா ஜுரம்' என்றுதான் சொல்லியிருப்பேன். "குடல்ல டெஸ்ட்டு. ரத்தம் போகுது," என்றேன்.

அவ்வளவுதான், வரிசை முழுக்க ஆரம்பித்துவிட்டது. ஒருத்திக்கு மூலம், ஆபரேஷன் ஆகிவிட்டது. ஒருத்திக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவைதான். "ஷூ கம்பெனி ஸ்டிச்சிங்ல உக்காந்தா எழுந்து போக முடியாதுக்கா, நான் போனா பக்கத்துல இருக்கறவ கிட்ட பீஸ் சேந்துடும், அவ திட்டு வாங்குவா. அதனால தண்ணியே குடிக்கறதில்ல." இன்னொருத்தி: "என் வூட்டுக்காரரு ஒரு மணி நேரம் பாத்ரூம்லயே போனோட உக்காந்திருக்காரு. அங்கயே ஒரு ஃபேன் போட்டுக் குடுத்துட்டேன்." பச்சைச் சேலை அம்மாள் பிரியாணியைப் பிசைந்துகொண்டே, "எங்க மச்சானுக்கும் ரத்தம்தான் போச்சு. காமிச்சாரு. கட்டிய எடுத்துட்டாங்க. இதோ, அங்க சோறு போட்றாரு பாரு," என்று கையைக் காட்டினார். ஆண்கள் பக்கம் குண்டாக ஒருவர் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார்.

கை கழுவும் இடத்தில் முகத்தையும் கழுவிக்கொண்டேன்.


பிப்ரவரி 16, திங்கள்

விடுப்பு. திங்கட்கிழமையில் முதல் தடவை. காலையில் குமாரே போன்: "கொஞ்சமாத்தான் தொறந்துருக்கேன் மேடம், நிம்மதியா இருங்க."

இன்று திடஉணவு இல்லை. இளநீர், வடிகட்டிய சூப், பால் இல்லாத டீ. மாலையிலிருந்து மருந்து கரைத்த தண்ணீர். எலுமிச்சை வாசனை போட்ட உப்புநீர். தோல் ஊறப்போட்ட முதல் தண்ணீர் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது, அதற்கப்புறம் குடிப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

முரளி ஐந்து மணிக்கே வந்துவிட்டான். கையில் ஸ்வீட் பாக்ஸ். "இன்னிக்கு நீ சாப்பிடக் கூடாதா? மறந்துட்டேன்." அவனே ஒன்று எடுத்தான், பாதியில் வைத்துவிட்டான். நான் எழுந்து ஓடும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டினான். மரியாதைக்காக என்று புரிந்தது. வீட்டில் நாங்கள் அப்படித்தான்.

"பயமா இருக்காக்கா?"

"இல்ல," என்றேன். பிறகு, "இருக்கு," என்றேன்.

அவன் டிவி சத்தத்தைக் குறைத்தான்.

நாளை உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஊகித்து எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. பையில்: பழைய ரிப்போர்ட், துண்டு, மாற்றுடை, ஆதார். கேஸ் சிலிண்டர் மூடியாயிற்று.


பிப்ரவரி 17, செவ்வாய்

டெஸ்ட் நடந்தது. ஊசி போட்டதும் எண்ணச் சொன்னார்கள், எங்கே விட்டேன் என்று நினைவில்லை. விழித்தபோது தொண்டை வறட்சி, பக்கத்துக் கட்டிலில் யாரோ குறட்டை.

டாக்டர் வந்து சொன்னது: உள்மூலம் இருக்கிறது. ரத்தம் பெரும்பாலும் அதிலிருந்துதான். ஆனால் மேலே, குடல் சுவரில் இரண்டு சின்ன முளை. இரண்டையும் அப்போதே எடுத்துவிட்டார். சதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது, ரிப்போர்ட் வர ஒரு வாரம். பார்வைக்கு மோசமாகத் தெரியவில்லை, இருந்தாலும் ரிப்போர்ட் வரும்வரை உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார். அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்தது. இந்த மாதிரி முளையை எடுக்காமல் விட்டுவைத்தால்தான் சிலருக்குப் பல வருடத்தில் புற்றாக மாறுமாம். சாப்பாடு, தண்ணீர், நடை எல்லாம் தொடர வேண்டும், ஆனால் அதை நம்பி டெஸ்ட்டைத் தள்ளக் கூடாது.

முரளியைப் பார்த்து, "கூடப் பொறந்தவங்களா? வயசு?" என்றார். சொன்னான். "நீங்களும் பண்ணிக்கணும்."

"எனக்கு இன்னாங்க, கல்லு மாதிரி இருக்கேன்," என்று சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை.

லேசாகச் சாப்பிடலாம் என்றார்கள். கேன்டீன். எனக்கு இட்லி இரண்டு, அவனுக்கு வடை. முதல் இட்லி வாயில் போட்டதும் அவ்வளவு ருசி. அவன் வடையைத் தொடவில்லை. தட்டை இந்தப் பக்கம் நகர்த்தினான், அந்தப் பக்கம் நகர்த்தினான்.

"அக்கா, அது வலிச்சுதா?"

"ஒண்ணுமே தெரியல. தூங்கிட்டேன்."

"எனக்கும் வருது."

"இன்னா?"

"அதான். ரத்தம்."

"எப்பலேர்ந்து?"

"தீபாவளிக்கு முன்னாடியே." குரல் மேசைக்கு அடியிலிருந்து வருவது போல் இருந்தது. "யாருக்கும் தெரியாது. என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல."

இரண்டாவது இட்லியை விட்டுவிட்டு எழுந்தேன். ஊசி மயக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை, அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். யார் யாரைக் கூட்டிப் போகிறோம் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. மாடி ஏறினோம். டாக்டர் வேறொரு டெஸ்ட்டில் இருந்தார். நர்ஸ், "உங்களுக்குத்தான் முடிஞ்சிடுச்சே மேடம், மறுபடி யாருக்கு?" என்றாள்.

 அவன் சொல்லட்டும் என்று நின்றேன். ஒரு ஸ்ட்ரெச்சர் போனது, ஒதுங்கினோம். நர்ஸ் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு," என்றான் முரளி.